வினை கேட்கும் உருபு: ஆங்கில வினைகளும் முன்னிடைச்சொற்களும்

ஆங்கிலச் செய்தி ஒன்றில் ‘போலீஸ் ஸெர்ச்டு ஹிம்’ என்று இருந்தால், ஆள் காவலரின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார், அவருடைய சட்டைப்பையையும் மடியையும் சோதனை போட்டார்கள் என்று பொருள். அதே செய்தியில் ‘போலீஸ் ஸெர்ச்டு ஃபார் ஹிம்’ என்று இருந்தால், ஆள் இன்னும் அகப்படவில்லை, அவரைத் தேடினார்கள் என்று பொருள். நடுவில் வரும் ‘ஃபார்’ ஒன்றுதான் வேறுபாடு. தமிழிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. ‘வீட்டைத் தேடினான்’ என்றால் வீடு கிடைக்கவில்லை. ‘வீட்டில் தேடினான்’ என்றால் வீடு இருக்கிறது, கிடைக்காத பொருள் வேறு. இரண்டு மொழிகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்றாலும், குறியை வைக்கும் இடம் தலைகீழாக இருக்கிறது. தேடப்படும் பொருளுக்குத் தமிழ் ‘ஐ’ உருபைக் கொடுத்து இடத்துக்கு ‘இல்’ உருபைக் கொடுக்கிறது. ஆங்கிலமோ சோதனையிடப்படும் இடத்தை வினைக்கு அருகே நேராக நிறுத்திவிட்டுத் தேடப்படும் பொருளுக்கு ‘ஃபார்’ போடுகிறது.

பள்ளியில் ப்ரெபொசிஷன் என்ற பெயரில் நாம் படித்த முன்னிடைச்சொற்களைப் பெரும்பாலும் இடத்தையும் காலத்தையும் காட்டும் சொற்களாகவே கற்றிருக்கிறோம். மேசைமேல் இருந்தால் ‘ஆன்’, பெட்டிக்குள் இருந்தால் ‘இன்’ என்ற அளவில் அந்தப் பாடம் சரிதான். ஆனால் ‘டிபெண்ட் ஆன்’ என்பதில் எதன்மேலும் எதுவும் இல்லை. ‘பிலீவ் இன்’ என்பதில் எதற்குள்ளும் எதுவும் இல்லை. இங்கே முன்னிடைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது அதன்பின் வரும் பெயர் அன்று, முன்னால் நிற்கும் வினை. ‘டிபெண்ட்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ஒன்றிலிருந்து தொங்குதல் என்று பொருள். அதனால்தான் பிரெஞ்சு மொழி அந்த வினையோடு ‘இருந்து’ என்னும் பொருளுள்ள ‘டு’ என்ற சொல்லைச் சேர்க்கிறது. ஆங்கிலம் தொங்குவதை மறந்துவிட்டுத் தாங்குவதை எடுத்துக்கொண்டு ‘ஆன்’ போட்டது.

வினைதான் உருபைத் தீர்மானிக்கிறது என்பது தமிழ் இலக்கணம் படித்தவருக்குப் புதிய செய்தி அன்று. ‘பார்’ என்ற வினை ‘ஐ’ உருபைக் கேட்கிறது; ‘உதவு’ என்பது ‘கு’ உருபைக் கேட்கிறது; ‘கோபித்துக்கொள்’ என்பது ‘ஓடு’ உருபையும் ஏற்கிறது. தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் இந்த விவகாரத்தோடுதான் தொடங்குகிறது. ‘கருமம் அல்லாச் சார்பென் கிளவிக்கு உரிமையும் உடைத்தே கண்ணென் வேற்றுமை’ என்பது அதன் முதல் நூற்பா. தூணைச் சார்ந்தான் என்பது போல உடல் தொட்டுச் சாய்வதைச் சொல்லும்போது ‘ஐ’ மட்டுமே வரும்; அரசரை அண்டி வாழ்வதைச் சொல்லும்போது ‘அரசரைச் சார்ந்தான்’ என்றும் ‘அரசர்கண் சார்ந்தான்’ என்றும் இரண்டு விதமாகவும் சொல்லலாம் என்று உரையாசிரியர்கள் இதை விளக்குவார்கள். ஒரே வினை, பொருள் நகரும்போது வேறோர் உருபுக்கும் இடம் கொடுக்கிறது என்ற இந்தக் கவனிப்பு ஆங்கில வினைகளை அணுகுவதற்கும் நல்ல தொடக்கம். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் எங்கே வரும் என்று கேட்பதைவிட, இந்த வினை இந்தப் பொருளில் எந்த உருபைக் கேட்கிறது என்று கேட்பது பயன் தரும்.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் உருபுகள் இருந்தன. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறின. எந்த வினை எந்த வேற்றுமையைக் கேட்கும் என்ற வரையறையும் இருந்தது. ‘ஹெல்ப்’ என்ற வினையின் பழைய வடிவம், நம்முடைய ‘உதவு’ போலவே, பெரும்பாலும் நான்காம் வேற்றுமைக்கு நிகரான வடிவத்தைக் கேட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் அந்த ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. சில வினைகள் தம் பெயரை எந்தக் குறியும் இல்லாமல் அருகில் நிறுத்திக்கொண்டன. மற்றவற்றுக்கு முன்னிடைச்சொற்கள் உருபின் வேலையைச் செய்ய வந்தன. எது எந்தப் பக்கம் போனது என்பதில் வரலாற்றுத் தற்செயல் நிறைய உண்டு. ஆனால் தற்செயல் என்று நாம் ஒதுக்குகிற சிலவற்றுக்குப் பின்னால் பழைய பொருள் ஒளிந்திருக்கிறது. ‘வித்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘எதிராக’ என்பதே முதன்மைப் பொருள். எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் ‘வித்ஸ்டாண்ட்’ என்ற சொல்லில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘ஃபைட் வித்’ என்றால் ஒருவரோடு மோதுவது என்ற பொருள் வருவதும் அதனால்தான். ‘ஆஃப்’ என்ற சொல்லோ ‘விட்டு நீங்கி’ என்ற பொருளுடையதாக இருந்தது. நம் எழுத்தில் ‘பேங்க் ஆஃப் இந்தியா’வில் வரும் ‘ஆஃப்’ என்பதும் ‘சுவிட்ச் ஆஃப்’பில் வரும் ‘ஆஃப்’ என்பதும் ஒன்றுபோலத் தெரிவது எழுத்தின் குறை என்று தோன்றலாம். உண்மையில் ஆங்கிலத்திலேயே அவை இரண்டும் ஒரே சொல்லாக இருந்து பிரிந்தவைதான்.

இனி, ஒரே வினை நேராகவும் முன்னிடைச்சொல்லோடும் வரும்போது என்ன நேர்கிறது என்பதைப் பார்க்கலாம். ‘ஷாட் த பேர்ட்’ என்றால் பறவைமேல் குண்டு பட்டது. ‘ஷாட் அட் த பேர்ட்’ என்றால் குறி வைத்துச் சுட்டான் என்பது மட்டுமே தெரியும். பறவை பறந்து போயிருக்கலாம். ‘ஸ்வாம் இன் த சானல்’ என்றால் கால்வாயில் கொஞ்சம் நீந்தினான். ‘ஸ்வாம் த சானல்’ என்றால் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட அந்தக் கடலை முழுதும் நீந்திக் கடந்தான். வினைக்கு அருகே தடையின்றி நிற்கும் பெயர், செயலை முழுமையாக வாங்கிக்கொள்கிறது. முன்னிடைச்சொல் குறுக்கே வந்தால் அந்த முழுமை குறைகிறது. குறளில் ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்று வருவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அங்கே தொக்கு நிற்பது ‘ஐ’ உருபு. கடலில் நீந்திக்கொண்டே இருப்பவரைப் பற்றி அந்தக் குறள் பேசவில்லை, கரையேறியவரைப் பற்றிப் பேசுகிறது. சுவருக்கு வண்ணம் பூசுவதிலும் இதே நுட்பம் உண்டு. ‘ஸ்ப்ரேடு பெயிண்ட் ஆன் த வால்’ என்றால் சுவரில் எங்கோ ஓர் இடத்தில் வண்ணம் விழுந்தாலும் போதும். ‘ஸ்ப்ரேடு த வால் வித் பெயிண்ட்’ என்றால் சுவர் முழுதும் நனைந்தது என்றே ஆங்கிலம் பேசுபவர் புரிந்துகொள்வார். ‘சுவரில் வெள்ளையடித்தான்’ என்பதற்கும் ‘சுவருக்கு வெள்ளையடித்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்பவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இத்தகைய மாற்று அமைப்புகளைக் கொண்டு 3000-க்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளை அமெரிக்க மொழியியலாளர் பெத் லெவின் 1993இல் வகைப்படுத்தினார். எந்த வினை எந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்கிறது என்பது அதன் பொருளைப் பொறுத்தது என்பதே அந்த வகைப்பாட்டின் அடிப்படை.

நம்மவர் ஆங்கிலத்தில் அடிக்கடி திருத்தப்படும் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்ற தொடருக்கு வருவோம். ‘பற்றி விவாதித்தோம்’ என்ற தமிழ்தான் இதற்குக் காரணம் என்று ஆசிரியர்கள் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. இதே தொடர் தமிழே தெரியாத நைஜீரியாவிலும் ஹாங்காங்கிலும்கூடக் கேட்கிறது. வலுவான காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் ‘அபௌட்’ வருவது முற்றிலும் சரி. வினைக்குப் பின் வந்தால் தவறு. ‘ரிக்வெஸ்ட்’ வினையாக வந்தால் ‘ரிக்வெஸ்ட் லீவ்’, பெயராக வந்தால் ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’. ‘ஆன்ஸர் த கொஸ்டின்’ என்பது வினை. ‘த ஆன்ஸர் டு த கொஸ்டின்’ என்பது பெயர். ‘எம்ஃபஸைஸ்’ என்ற வினை எதையும் கேட்பதில்லை. ‘எம்ஃபஸிஸ்’ என்ற பெயர் ‘ஆன்’ இல்லாமல் நிற்பதில்லை. ‘ரிஸெம்பிள்’ என்ற வினைக்கு ‘டு’ கிடையாது. ‘ரிஸெம்ப்ளன்ஸ்’ என்ற பெயருக்கு உண்டு. பெயரில் கேட்டுப் பழகிய முன்னிடைச்சொல்லைக் கற்பவர் வினைக்கும் கொண்டுபோகிறார். தவறு பிறக்கும் இடம் இதுவே.

இதற்கு அடியில் ஓர் எளிய விதி உண்டு. ஆங்கிலத்தில் ஒரு பெயர்த்தொடரை நேராகத் தாங்கும் உரிமை வினைக்கும் முன்னிடைச்சொல்லுக்கும் மட்டுமே உண்டு. பெயருக்கும் பெயரடைக்கும் அந்த உரிமை இல்லை. ஆகவே பெயரோ பெயரடையோ இன்னொரு பெயர்த்தொடரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் இடையில் ஒரு முன்னிடைச்சொல்லை அழைத்தாக வேண்டும். ‘ஃபியர்’ என்ற வினை நாயை நேராக வாங்கிக்கொள்ளும். ‘அஃப்ரெய்டு’ என்ற பெயரடைக்கு ‘ஆஃப்’ வேண்டும். 1977இல் ழான்-ரோஜே வெர்ன்யோ என்ற பிரெஞ்சு மொழியியலாளர் அமெரிக்க மொழியியலாளர்களான சாம்ஸ்கிக்கும் லாஸ்னிக்குக்கும் எழுதிய கடிதம் ஒன்றில், வெளியே ஈறு தெரியாவிட்டாலும் ஆங்கிலப் பெயர்த்தொடர்கள் வேற்றுமைக்குக் கட்டுப்பட்டவையே என்ற கருத்தை முன்வைத்தார். சாம்ஸ்கியின் கோட்பாட்டில் அது பின்னர் முக்கிய இடம் பெற்றது. கோட்பாட்டை விட்டுவிட்டாலும் விதி நமக்குப் பயன்படும், ஏனென்றால் தமிழும் இதே கட்டுப்பாட்டை வேறு வழியில் காட்டுகிறது. ‘அவனைக் கவனி’ என்கிறோம். அந்த வினையைப் பெயராக்கினால் ‘அவனைக் கவனம் செலுத்து’ என்று சொல்வதில்லை, ‘அவன்மீது கவனம் செலுத்து’ என்றே சொல்கிறோம். ‘விடுப்பு வேண்டினான்’ என்பது ‘விடுப்புக்கான வேண்டுகோள்’ ஆகிறது. உருபு மாறுவது நம் காதுக்கே தெரிகிறது. இதை ஒருமுறை உணர்ந்தவர் ‘டிஸ்கஸ்’, ‘ரிக்வெஸ்ட்’, ‘ஆன்ஸர்’, ‘எம்ஃபஸைஸ்’ ஆகியவற்றைத் தனித்தனிப் பிழைகளாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வினைக்குப் பின் வரும் சிறுசொல் எல்லாம் ஒரே வகை என்று எண்ணுவது இன்னொரு குழப்பம். ‘ரான் அப் த ஹில்’ என்பதையும் ‘ரான் அப் எ பில்’ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலாவதில் ‘அப்’ குன்றோடு சேர்ந்தது, குன்றின்மேல் ஓடினான். இரண்டாவதில் ‘அப்’ வினையோடு சேர்ந்தது, கடன் ஏற்றிக்கொண்டான். முதலாவது முன்னிடைச்சொல், இரண்டாவது வினையின் துணைச்சொல். இப்படித் துணைச்சொல் பெற்ற வினையைத்தான் ஃப்ரேஸல் வெர்ப் என்கிறார்கள். பிரித்தறிய நம்பகமான சோதனை, பெயருக்குப் பதில் ‘இட்’ போட்டுப் பார்ப்பது. துணைச்சொல்லாக இருந்தால் ‘இட்’ நடுவில் புகும்: ‘ஸ்விட்ச் இட் ஆன்’. முன்னிடைச்சொல்லாக இருந்தால் பின்னால்தான் நிற்கும்: ‘லுக் அட் இட்’. பேச்சில் துணைச்சொல்லுக்கு அழுத்தம் விழும், முன்னிடைச்சொல் தேய்ந்து ஒலிக்கும். ‘புட் அப் வித்’ போன்றவற்றில் துணைச்சொல் ஒன்று, முன்னிடைச்சொல் ஒன்று என இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன.

முன்னிடைச்சொல்லாகவே இருந்தாலும், அது பெயரோடு மட்டும் ஒட்டியிருப்பதில்லை என்பது ஆங்கிலத்தின் தனித்தன்மை. தமிழ் உருபு பெயரை விட்டு ஒருபோதும் விலகாது. பெயர் வாக்கியத்தில் எங்கே போனாலும் உருபும் கூடவே போகும். ஆங்கிலத்தில் பெயர் முன்னால் நகர்ந்துவிட்டால் முன்னிடைச்சொல் வினைக்கு அருகிலேயே தங்கிவிட முடியும்: ‘ஹூ ஆர் யூ லுக்கிங் அட்?’ இப்படி வாக்கிய இறுதியில் முன்னிடைச்சொல்லை விடுவது குறை என்று 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், பென் ஜான்சனின் ஓர் அடியைச் சுட்டிக்காட்டி எழுதினார். அந்தக் கண்டனம் பின்னாளில் இலக்கணப் புத்தகங்களில் விதியாகவே வலம்வந்து, நம் ஊர் வகுப்பறைவரை வந்து சேர்ந்தது. ஆங்கிலம் பேசுபவர்கள் அன்றும் அதை மதிக்கவில்லை, இன்றும் மதிப்பதில்லை. செயப்பாட்டு வாக்கியத்திலும் இந்த ஒட்டுறவு தெரியும். ‘எ டிஸிஷன் வாஸ் அரைவ்டு அட்’ என்று எழுதலாம். ‘த ஸ்டேஷன் வாஸ் அரைவ்டு அட்’ என்று எழுத முடியாது. முடிவுக்கு வருவதில் வினையும் ‘அட்’ என்பதும் சேர்ந்து ஒரே வினையாகிவிட்டன. ரயில் நிலையத்துக்கு வருவதில் ‘அட்’ இன்னும் இடத்தைக் காட்டும் சொல்லாகவே இருக்கிறது.

மூன்று உறுப்புகள் கூடும் இடத்தில்தான் பொருளின் பிடி மிகத் தெளிவாகத் தெரிகிறது. ‘ராப்’, ‘ஸ்டீல்’ என்ற இரண்டும் களவைக் குறிப்பவை என்றாலும், ‘ராப்’ பறிகொடுத்தவரை அருகில் நிறுத்திப் பொருளுக்கு ‘ஆஃப்’ போடுகிறது. ‘ஸ்டீல்’ பொருளை அருகில் நிறுத்தி உடையவருக்கு ‘ஃப்ரம்’ போடுகிறது. ‘ராப்’ போலவே ‘டிப்ரைவ்’, ‘ஸ்ட்ரிப்’, ‘ரிலீவ்’, ‘கியூர்’ ஆகியவையும் ‘ஆஃப்’ கேட்கின்றன. உரிமையோ பாரமோ நோயோ, ஒருவரை விட்டு ஏதோ ஒன்று நீங்குகிறது என்பது இவை எல்லாவற்றுக்கும் பொது. மேலே சொன்ன ‘விட்டு நீங்கி’ என்ற பழைய பொருள் இங்கே அப்படியே இருக்கிறது. தடுத்து நிறுத்தும் ‘ப்ரிவென்ட்’, ‘ஸ்டாப்’, ‘ப்ரொஹிபிட்’ முதலியவை ‘ஃப்ரம்’ கேட்கும். வேண்டியதைக் கொடுத்து நிரப்பும் ‘ப்ரொவைடு’, ‘சப்ளை’, ‘எக்விப்’ முதலியவை ‘வித்’ கேட்கும். ஒருவரைப் பாராட்டவோ பழிக்கவோ காரணம் சொல்லும் ‘தாங்க்’, ‘ப்ரெய்ஸ்’, ‘பிளேம்’, ‘பனிஷ்’ எல்லாம் ‘ஃபார்’ கேட்கும். விலகி நிற்பவையும் உண்டு: குற்றம்சாட்டும் ‘அக்யூஸ்’ என்பதற்கு ‘ஆஃப்’, வழக்கு மன்றத்தின் ‘சார்ஜ்’ என்பதற்கு ‘வித்’.

‘எனக்குக் கொடு’, ‘எனக்கு விளக்கு’ என்ற இரண்டும் தமிழில் ஒரே அமைப்பு. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘கிவ் மீ த புக்’ சரி, ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ த லெஸன்’ தவறு. ‘கிவ்’, ‘டெல்’, ‘ஸெண்ட்’ போன்ற குறுகிய நாட்டுச் சொற்கள் பெறுநரை முன்னிடைச்சொல் இல்லாமல் ஏற்கின்றன. ‘எக்ஸ்ப்ளெய்ன்’, ‘டொனேட்’, ‘டிஸ்கிரைப்’, ‘ஸஜெஸ்ட்’ போன்று லத்தீன் வழி வந்தவை பெரும்பாலும் ‘டு’ இல்லாமல் ஏற்பதில்லை. ‘ஆஃபர்’, ‘ப்ராமிஸ்’ ஆகியவை இதற்கு விதிவிலக்கு.

இதையெல்லாம் அகராதியில் காட்ட வேண்டும் என்ற எண்ணம் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர்களிடம் முளைத்தது. 1922இல் டோக்கியோ சென்ற ஹெரால்டு பாமரும், 1924இல் ஜப்பானுக்கு வந்த ஏ. எஸ். ஹார்ன்பியும், கற்பவருக்குச் சொல்லின் பொருள் மட்டும் போதாது, அது எப்படிப்பட்ட தொடரில் நிற்கும் என்பதும் தெரிய வேண்டும் என்று கண்டனர். ஹார்ன்பி தம் தோழர்களோடு தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதி, ஆங்கில வினைகளை 25 வாய்பாடுகளாகப் பிரித்துக் காட்டியது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை மறுபதிப்புச் செய்தது. இன்று நம் மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் மூதாதை அதுவே. பிறகு பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேரின் குழு, கணினியில் சேர்த்த பெருந்தொகுப்பிலிருந்து உண்மை வாக்கியங்களை எடுத்து ஆராய்ந்து 1987இல் ‘கோபில்டு’ அகராதியை வெளியிட்டது. ஒரே வாய்பாட்டில் நிற்கும் வினைகள் பொருளாலும் சில கூட்டங்களாகவே சேர்கின்றன என்பதை அந்தப் பணியின் தொடர்ச்சியாக 1996இல் வந்த வினை வாய்பாட்டுத் தொகுப்பு விரிவாகக் காட்டியது. அகராதி இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், நம் தேர்வுத்தாள்கள் இன்னும் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று முன்னிடைச்சொல்லை மட்டும் பிடுங்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது. ‘ஃபார்’ என்று நிரப்பி மதிப்பெண் வாங்கும் மாணவர், ‘பிளேம்’ என்பதையும் ‘தாங்க்’ என்பதையும் ஒரே குடும்பமாக ஒருநாளும் பார்ப்பதில்லை.

கடிதம் எழுதுபவருக்கு இரண்டு நுட்பங்கள் உடனடியாகப் பயன்படும். முன்னிடைச்சொல்லுக்குப் பின் பெயரோ, ‘இங்’ ஈறு பெற்ற தொழிற்பெயரோதான் வரும். ‘லுக் ஃபார்வர்டு டு’ என்பதில் உள்ள ‘டு’ முன்னிடைச்சொல். ஆகவே ‘டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று முடிக்காமல் ‘டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று முடிக்க வேண்டும். அடுத்து, ‘தட்’ என்று தொடங்கும் முழு வாக்கியத்தை இத்தகைய முன்னிடைச்சொற்கள் தாங்குவதில்லை. ‘இன்ஸிஸ்ட் ஆன் பேமென்ட்’ என்று பெயரோடு வரும்போது இருக்கும் ‘ஆன்’, ‘இன்ஸிஸ்ட் தட் ஹீ பே’ என்று வரும்போது மறைந்துவிடுகிறது. ‘கம்ப்ளெய்ன் அபௌட்’, ‘அவேர் ஆஃப்’ ஆகியவற்றிலும் இப்படித்தான்.

எது சரி என்பதில் ஆங்கிலம் பேசும் நாடுகளே ஒத்துப்போவதில்லை. ‘ப்ரொடெஸ்ட்’, ‘அப்பீல்’ என்ற வினைகளுக்குப் பின் பிரிட்டனில் வழக்கமாக ‘அகெய்ன்ஸ்ட்’ வரும். அமெரிக்கர் அதை விட்டுவிட்டுத் தீர்ப்பை நேராகவே வினைக்கு அருகில் வைக்கிறார்கள். ‘ரைட் மீ’ என்று அமெரிக்கர் எழுதும் இடத்தில் பிரிட்டனில் ‘ரைட் டு மீ’ என்பார்கள். மறுபுறம், ‘அக்ரீ எ டீல்’ என்று ‘ஆன்’ இல்லாமல் எழுதும் பிரிட்டிஷ் செய்தித்தாள் வழக்கு அமெரிக்கர் காதுக்கு ஒவ்வாது. ஆகவே ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பதைப் பண்பாடற்ற பேச்சு என்று ஏளனம் செய்ய வேண்டியதில்லை. வேறு வினைகளில் வெவ்வேறு நாடுகள் செய்துகொண்ட மாற்றத்தைப் போன்ற ஒன்றுதான் அது. ஆனால் தேர்வுத்தாளைத் திருத்துபவரும் வெளிநாட்டு இதழின் ஆசிரியரும் அதை அடித்துத் திருத்துவார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்காக எழுதும்போது ‘அபௌட்’ என்பதை ‘டிஸ்கஷன்’ என்ற பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.